உள்ளங்கை படாமல்

வலது தோளில் ஆணி அடித்து வைத்தது போல வலித்தது. கணக்கு டீச்சருக்குக் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை.

"நாள் முழுக்க மூட்டை தூக்கறவன் நான். நோவு மட்டும் உனக்கா, டீச்சரம்மா?" என்றார், சரக்குக் கிடங்கில் சுமை தூக்கும் கணவர்.

"உங்க மூட்டை வெச்ச இடத்துல கிடக்கும். என் பலகை, கை பட்டா அழிச்சிடுது. கையை அந்தரத்துலயே தூக்கிப் பிடிச்சு எழுதணும்."

வகுப்பில் கரும்பலகையைக் கழற்றிவிட்டுத் தொடுதிரைப் பலகை மாட்டியிருந்தார்கள். பயிற்சி அரை நாள். கண்ணாடியில் கீறல் விழும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் தானே எழுதிக் காட்டினார். எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். வகுப்பில்தான் வினை தெரிந்தது. சாக்பீஸ் பிடித்த காலம் முழுக்க உள்ளங்கையைப் பலகையில் ஊன்றியே எழுதிய கை. இந்தப் பலகைக்கு உள்ளங்கைதான் அழிப்பான். வகுத்தல் கணக்கில் ஈவை மேலே எழுதப் போனால், கீழே போட்ட கணக்கு காணாமல் போனது.

"டீச்சர், பலகை கணக்கைத் தின்னுடுச்சு" என்றாள் முன்பெஞ்சு ரெட்டைச்சடை. வகுப்பே சிரித்தது.

தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். சரிப்படலைன்னா உங்க வகுப்புக்கு வீடியோ பாடம்தான். பட்டனை அமுக்கிட்டு ஓரமா உட்காருங்க டீச்சர். உங்களுக்கும் ஓய்வு."

"பட்டன் அமுக்க வாட்ச்மேன் போதுமே சார். நான் எதுக்கு?"

அன்று சாயங்காலமே வீட்டுச் சுவரில் ஆரம்பித்தாள். கணவர் கிடங்கிலிருந்து கொண்டுவந்த கரித்தூளை உள்ளங்கையில் அப்பிக்கொண்டு, பென்சிலால் வகுத்தல் போட்டாள். சுவரில் கரி ஒட்டினால் தோல்வி. முதல் நாள் சுவரெல்லாம் கை.

"திருடன் ஏறிக் குதிச்ச மாதிரி இருக்கு" என்றார் கணவர்.

"சுவர் போனா போகுது. வகுப்பு போகக்கூடாது."

ஊன்ற இடமில்லாமல் அந்தரத்தில் நின்ற கை தானாகக் கீழே இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். கணவர் கேலியை விட்டுவிட்டுத் துணியை வெந்நீரில் பிழிந்து தோளில் போட்டார். "இறக்கி வெச்சு மூச்சு விட்டுத் தூக்கு." வியாழக்கிழமை சுவரில் புதிதாக ஒரு கறையும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் வகுத்தலைப் போட்டாள், ஈவை மேலே எழுதினாள். ஒரு எண்கூட அழியவில்லை. தோள் எரிந்தது. மீதியை எழுதிவிட்டுக் கையை இறக்கும்போது ரெட்டைச்சடை எழுந்தாள்.

"டீச்சர், மீதி ஏன் எப்பவும் வகுக்கிற எண்ணைவிடச் சின்னதாவே வருது?"

நல்ல கேள்வி. படம் போட்டால்தான் புரியும். படம் போடக் கை எழவில்லை. போன வாரம் வரை, கேட்ட பிள்ளையை அவள் ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை.

"அப்புறம் சொல்றேன். உட்காரு."

அதிகாரி வெளியே போகும்போது தலைமையாசிரியரிடம், "இவங்களே நடத்தட்டும், வீடியோ வேண்டாம்" என்றார். மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள், ரெட்டைச்சடையும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கரித்தூளை எடுத்தாள்.

"அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன?" என்றார் கணவர்.

"படம் போடப் பழகணும்."

வகுப்பு கையில் இருக்கிறது. ரெட்டைச்சடைக்குச் சொல்லவேண்டிய பதில் இன்னும் கடனாக நிற்கிறது.