சாப்பாட்டு அறைச் சுவர்

கோப்புப் பிரிவில் வேலை பார்த்தவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒன்பது வருடமாக, மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் ஒப்புக்குச் சிரித்து வைப்பாள். அலுவலகச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஊழியர்களோடு சேர்ந்து படம் வரைய வந்த உள்ளூர் ஓவியருக்கும் காது கேட்காது. வேலைக்கு நடுவே அவர் கையசைத்து ஏதோ சொல்ல, அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"என்னம்மா சொல்றாரு?" என்று மேலாளர் அவள் முன்னால் வந்து நின்று கேட்டார்.

கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்துவிட்டுத்தான் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: "நீங்க பிரஷ்ஷைத் துடைப்பம் மாதிரி பிடிச்சிருக்கீங்களாம்."

மேலாளர் அதை உரக்கப் படித்துவிட்டு அசடு வழிந்தார். ஓவியர் அவர் விரல்களைப் பிடித்துச் சரிசெய்தார்.

பக்கத்து மேசைக்காரி அவள் தோளைத் தொட்டு, "துடைப்பத்துக்கு எப்படிக் கை காட்டணும்?" என்று கேட்டாள். அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மெதுவாகக் காட்டினாள்.