கதாநாயகனுக்குப் பத்து விரல்

நோரீன் க்ரப்பின் புத்தகம் தபாலில் வந்தபோது நூலகக் கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அட்டையில் ஒருவன் சட்டையில்லாமல் பனியில் நின்றான். கதை நடப்பது 1884 ஜனவரி, மொன்டானா. அந்த மாதத்தில் இங்கே சட்டையில்லாமல் நின்றவனை ஏப்ரலில்தான் புதைக்க முடியும். அதுவரை மண் இளகாது.

அட்டையில் அவள் பெயர் லூசிண்டா வெய்ல் என்று இருந்தது. க்ரப் என்ற பெயரில் காதல் விற்காது என்று பதிப்பகத்தில் சொன்னார்களாம். உள்ளே முதல் பக்கத்தில், குதிரைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த தோழி ஆர்டிஸுக்கு என்று அச்சிட்டிருந்தார்கள். ஆர்டிஸ் நான்தான். சொல்லிக்கொடுத்தது உண்மை. அவள் கற்றுக்கொள்ளவில்லை.

போன வருடம் பிப்ரவரியில் ஒஹாயோவிலிருந்து வந்தாள். அதற்கு முன்பே மேற்கைப் பற்றிப் பதினோரு காதல் நாவல்கள் எழுதியிருந்தாள். மாட்டைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பன்னிரண்டாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வில்லோ ஃபோர்க் மோட்டலில் அறை எடுத்துக்கொண்டு, நூலகத்தில் விசாரித்திருக்கிறாள். அவர்கள் எங்கள் பண்ணையைக் கைகாட்டிவிட்டார்கள்.

பண்ணை எங்கள் அப்பா விட்டுப்போனது. நானும் என் தம்பி ஹால்வரும் நடத்துகிறோம். அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது, கல்யாணமாகவில்லை. பழைய வீட்டில் அவன் இருக்கிறான். என் கணவர் போனபின் முற்றத்துக்கு எதிரே உள்ள சின்ன வீட்டில் நான்.

பிப்ரவரியில் பசுக்கள் கன்று போடும். அந்த ஆறு வாரம் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. வேலை இருப்பவன்தான் கொட்டகைக்குள் வருவான். நோரீன் தினமும் வந்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஹால்வர் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதினாள். அவன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன். அவளிடம் மணிக்கணக்கில் பேசினான். தினமும் தன் கொட்டகைக்கு வரும் பெண்ணைப் பற்றி இந்தக் கவுண்டியில் எந்த ஆணும் என்ன நினைப்பானோ அதைத்தான் அவனும் நினைத்தான். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவள் என்னிடம் குதிரைகளைப் பற்றிக் கேட்க வந்தாள். அவளுடைய கதாநாயகன் கறுப்புப் பொலிகுதிரையில் இரண்டு நாள் இரவு பகலாக நாலுகால் பாய்ச்சலில் போகிறான். அரை மணி நேரத்தில் குதிரை செத்துவிடும் என்றேன். பொலிகுதிரையில் ஏறி யாரும் மாடு மேய்க்கப் போக மாட்டார்கள், பெட்டைக் குதிரையின் வாடை பட்டால் அது ஆளையும் மறந்துவிடும் வேலையையும் மறந்துவிடும், காயடித்த குதிரைதான் வேலைக்கு ஆகும் என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். காயடித்த குதிரையில் கதாநாயகன் ஏறினால் வாசகிகள் புத்தகத்தை மூடிவிடுவார்களாம். பால் கறப்பதும் கூடாதாம், முத்தத்துக்கு முன் கையில் நாற்றம் இருக்கக் கூடாது என்று. கன்று பிறப்பதைக் காட்டவே கூடாது என்று பதிப்பகத்தில் விதியே இருக்கிறதாம். அப்படியென்றால் ஆறு வாரமாக எதைப் பார்க்கிறாள் என்று கேட்டேன். உணர்வை என்றாள்.

மார்ச்சில் ஒரு மதியம் ஹால்வர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான். ஒரு பசுவுக்குள் தோள்வரை கை விட்டுக் கன்றின் காலைத் தேடிக்கொண்டிருந்தபோது கேட்டான். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் விசேஷமான இடமில்லை. மறுநாள் வைக்கோல் போடும்போது என்னிடம் சொன்னான். அவன் கேட்டது இவ்வளவுதான்: "எங்க கெணத்துத் தண்ணி ரெண்டு பேருக்குத் தாங்கும்."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"எழுதிக்கிட்டா" என்றான்.

இங்கே இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் சம்மதம். அதை எழுதியும் வைத்துக்கொண்டால் பத்திரப்பதிவு மாதிரி. அவன் கணக்கு அது.

அன்று பிறந்த கிடேரியை அவளுக்குக் கொடுத்தான். வீட்டுக்கு வரப்போகும் பெண்ணுக்கு அவள் பெயரில் முதல் மாடு கொடுப்பது இங்கே வழக்கம். மாடு யாருடையது என்று காட்ட, அவளுக்கென்று ஒரு சூட்டுக்குறியும் பதிந்துவிட மாநில அலுவலகத்துக்கு விண்ணப்பம் வரவழைத்தான். அவள் பெயரின் முதல் எழுத்து, அதன்மேல் கூரை. அவள் அதைப் படிக்காமல் வண்டியின் முகப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மே மாதம் சூடு போட்டபோது இரும்பை அவள் கையில்தான் கொடுத்தான். புகையில் கண்ணீர் வந்தது. எவ்வளவு அருமையான அனுபவம் என்றாள். ஜூனில் ஒஹாயோவுக்குப் போய்விட்டாள்.

இரண்டு கடிதம் போட்டாள். வைக்கோல் கொட்டகை எரிந்து முடிய எவ்வளவு நேரமாகும் என்று ஒன்றில் கேட்டிருந்தாள். இன்னொன்றில் குண்டு பட்டவனைக் குதிரையில் எப்படிக் கட்டுவது என்று. ஹால்வர் இரண்டுக்கும் நாலு நாலு பக்கம் பதில் எழுதினான். கடைசி வரியில் கிடேரி நன்றாக இருக்கிறது என்று எழுதுவான்.

இப்போது புத்தகம் வந்துவிட்டது, அதை நூலகத்தில் வாசிக்க அவளும் வருகிறாள். ஹால்வர் சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தான். பில்லிங்ஸ் நகரம் வரை போய்ச் சட்டை வாங்கினான். ஜூனில் கிடேரிகளைக் காளையோடு விட வேண்டும். அவளுடையதை மட்டும் தனியே வேலிக்குள் வைத்திருந்தான். மாட்டுக்காரியைக் கேட்காமல் விட முடியாது என்றான்.

புத்தகத்தை ஒரே மதியத்தில் படித்து முடித்தேன். நானூறு பக்கம். அதில் பாதி, பெருமூச்சு. பால்மாடு ஒன்று வருகிறது, முந்நூறு பக்கம் யாரும் கறக்கவில்லை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாயகி பாஸ்டனிலிருந்து விளம்பரம் பார்த்து வந்த மணப்பெண். குளிர்காலம் முழுவதும் அவள் தலைமுடியிலிருந்து ரோஜா வாசனை வந்துகொண்டே இருக்கிறது. மொன்டானாவில் அந்தக் காலத்தில் தலைமுடியிலிருந்து என்ன வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாயகன் பெயர் ஸ்டெர்லிங். பண்ணையாள், ஆனால் பத்து விரலும் முழுசாக இருக்கிறது. எந்த விரல் எங்கே போகிறது என்று ஆசிரியை பலமுறை எண்ணிக் காட்டுகிறாள். ஹால்வருக்கு வலது கட்டைவிரல் கிடையாது. இருபத்து மூன்று வயதில் மாட்டுக்குக் கயிறு வீசி, கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்றும்போது நடுவில் விரல் மாட்டிக்கொண்டது. அதை அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் அதை வீணாக்கவில்லை. வில்லனுக்குக் கொடுத்திருந்தாள். மாடு திருடுகிறவன், கட்டைவிரல் இல்லாதவன். அந்தக் கையைப் பார்த்தால் நாயகிக்கு உடம்பு கூசுகிறது.

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஸ்டெர்லிங் மலையுச்சியில் மண்டியிட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீர் இரண்டு பேருக்குத் தாங்கும் என்கிறான். புத்தகத்திலேயே உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். பிறகு சிவப்புக் கல் மோதிரம் போடுகிறான். கிடேரி இல்லை.

என் தம்பியை இரண்டாகப் பிளந்திருந்தாள். வாயை ஒருத்தனுக்குக் கொடுத்து, கையை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை முப்பது பேர் முன்னால் அதை வாசிக்கப் போகிறாள். அவன் முன்வரிசையில் உட்காரப் போகிறான், தன் பதிலை வாங்கிக்கொண்டு போக.

வேலி கட்டிக்கொண்டிருந்தவனிடம் போனேன். கூட்டத்துக்குப் போகாதே என்றேன். ஏன் என்றான். புத்தகம் மோசம் என்றேன்.

"உனக்கு எந்தப் புக்குதான்க்கா புடிச்சுது?"

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தின் முனையை மடித்து, புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பிரிக்கவில்லை. அவளே வந்து வாசிப்பாள், அப்போது கேட்டுக்கொள்கிறேன் என்று வண்டியின் இருக்கையில் போட்டான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சுத்தியல் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தில் முப்பது பெண்களும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். ஹால்வர் ஒருவன். இன்னொருவர் டெல்மர் ரூக், இந்தக் கவுண்டியின் சூட்டுக்குறி அதிகாரி. மனைவி இழுத்து வந்திருந்தாள். நோரீன் குஞ்சம் வைத்த தோல்சட்டை போட்டு, கட்டடத்துக்குள் தொப்பியைக் கழற்றாமல் நின்றாள். ஹால்வரைப் பார்த்துக் கையாட்டினாள், என்னைப் பார்த்தும், டெல்மரைப் பார்த்தும்.

வாசிக்கத் தேர்ந்தெடுத்தது இருநூற்றுப் பதினொன்றுதான். கிணற்று வரி வந்தபோது கொஞ்சம் நிறுத்தினாள். பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். இதில் பாதிப் பேருக்கு அவரவர் கணவன் கொட்டகையிலோ வண்டியிலோ இதைவிடக் குறைவான வார்த்தையில்தான் கேட்டிருப்பான். அப்போது பெருமூச்சு விட்டிருக்க மாட்டார்கள். எழுதி, மலைமேல் ஏற்றிக் காட்டினால் வருகிறது.

ஹால்வர் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது.

கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டாள். அவன் எழுந்தான்.

"அந்தக் கெணத்து விஷயம். அவன் கேட்டதுக்கு அவ என்ன சொன்னா?"

நோரீன் சிரித்தாள். "அதை நான் இங்கயே சொல்லிட்டா யாரு புக்கு வாங்குவா, ஹால்வர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் உட்காரவில்லை.

"புக்கு எங்கிட்ட இருக்குங்க. பதில்தான் இல்ல. ஒரு வருசமா இல்ல."

முதலில் டெல்மரின் மனைவிக்குப் புரிந்தது. கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். பிறகு வரிசை வரிசையாகப் பின்னால் வரை போனது. கடைசியாகப் புரிந்தது உணர்வைப் பார்க்க வந்தவளுக்கு.

"நீங்க அதைக் கதைக்காகக் குடுத்தீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"பசு உசுருக்குப் போராடிட்டுக் கெடக்கறப்ப எவனுங்க கதை குடுப்பான்?"

அவள் தொப்பியைக் கழற்றினாள். மன்னித்துவிடுங்கள் என்றாள். எனக்கு ஒஹாயோவில் வீடு இருக்கிறது என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், புத்தகத்தில் வருகிற மாதிரியான ஒன்று. வரவில்லை.

"சரிங்க" என்று ஹால்வர் உட்கார்ந்தான்.

நூலகத்துப் பெண் அவசரமாக அடுத்த கேள்வி என்றாள். பின்வரிசையில் ஒருத்தி, ஸ்டெர்லிங்கின் தம்பிக்குத் தனிப் புத்தகம் வருமா என்று கேட்டாள்.

முடிந்ததும் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. ஹால்வரும் நின்றான், புத்தகம் இல்லாமல். கூட டெல்மர். முறை வந்ததும் டெல்மர்தான் பேசினார். அவள் குறி போட்ட மாடு ஒன்று ஹால்வரின் மேய்ச்சலில் நிற்கிறது, அவள் எழுதிக் கொடுக்காமல் அவன் அதை விற்க முடியாது, கவுண்டி எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் முடியாது என்றார். அவள் ஹால்வரே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். வாய்வார்த்தை போதாது என்று டெல்மர் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். வேலைநாளா சனிக்கிழமையா என்று அவர் பார்ப்பதில்லை.

அவள் வேகமாகக் கையெழுத்துப் போட்டாள், வாலைச் சுழித்து. டெல்மர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"லூசிண்டா வெய்ல்ங்கற பேர்ல இந்தக் கவுண்டியில மாடு கெடையாதுங்க."

அவள் அந்தப் பெயரை அடித்துவிட்டு, கீழே நோரீன் க்ரப் என்று எழுதினாள். அதற்குச் சுழி இல்லை. படிவத்தில் வரைந்திருந்த குறியை அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எழுத்துக்கு மேலே ஏன் கூரை மாதிரி இருக்கிறது என்று ஹால்வரைக் கேட்டாள்.

"வீடுங்க" என்றான்.

அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. நோட்டு அருகில் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

வண்டியை நான் ஓட்டினேன். ஹால்வர் புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவிழ்த்தான். அந்தப் புத்தகம் இருக்கையில் இருவருக்கும் நடுவே கிடந்தது. எடுத்துக் கையில் வைத்து எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தான்.

"நானூறு பக்கம் எழுதத் தெரியுது. மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல பாரு."

நானும் சொல்லவில்லையே, படித்ததிலிருந்து எனக்குத் தெரியும் என்றேன்.

"ஆமாக்கா. நீயும் சொல்லல." கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னான். தீவனக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். மாட்டுக்கு உப்புக் கட்டி வாங்க வேண்டியிருந்தது. அவன் இறங்கிப் போனான். நான் வண்டியிலேயே இருந்தேன்.