முன்வரிசை

எங்கள் ஊரில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய், முதியோர் சோதனை நாள். பொதுக்கூடத்தில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்ப்பார். நான் அட்டையில் எழுதுவேன். அதன்பின் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி. அந்த உடற்பயிற்சிக்கான வட்டாரப் போட்டி நெருங்கியதால் இந்த முறை எல்லாருக்கும் ஒரே கேள்வி: முன்வரிசை நடுவில் நிற்கப் போவது யார்?

நான்கு வருடமாக அந்த இடம் மர்சியாவுடையது. அறுபத்தாறு வயது. நாற்றும் புகையிலையும் நட்டே முதுகு வளைந்துவிட்டது. ஆனால் தாளம் தப்பாது. போன மாதம் அவளுடன் இரட்டையாய்ப் பிறந்த கஸினெம் ஜகார்த்தாவை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தாள். முப்பத்தெட்டு வருடம் தையல் ஆலையில் இருந்தவள். நிமிர்ந்த நடை, சாயம் பூசிய கூந்தல், உதட்டில் சிவப்பு. ஒரே வாரத்தில், "கஸினெம் முன்னாடி நிக்கட்டுமே, பார்க்க லட்சணமா இருக்கும்" என்று பெண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இரட்டையரில் பின்னால் பிறந்ததே மூத்தது என்பது எங்கள் ஜாவா வழக்கம். கால்மணி நேரம் தாமதித்து வந்த கஸினெம் அக்காவானாள். அக்கா என்பதால் சம்பாதிக்க நகரத்துக்குப் போனாள். படுக்கையில் கிடந்த அப்பாவும் வயலும் தங்கைக்கு மிஞ்சின. மர்சியா அந்தக் கால்மணி நேரத்தை மன்னித்ததே இல்லை.

காய்கறிக்காரன் வேறு வாயை விட்டான். "பாட்டி, மக வந்தாச்சு போல?"

"மகளா? அவ எனக்கு அக்காடா, குருட்டுப் பயலே!"

அதன்பிறகு அவனிடம் அவள் ஒரு மிளகாய்கூட வாங்கவில்லை.

அழுத்தம் நூற்றறுபதைத் தாண்டினால் போட்டிக்குப் போக முடியாது என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். செவ்வாய் காலை நான் இருவரையும் அழைக்க மர்சியா வீட்டுக்குப் போனேன். கஸினெம் தட்டில் நாலு துண்டு கருவாடு, இரண்டு உப்பு வாத்து முட்டை. மர்சியா தட்டில் வெறும் கீரை.

"நல்லா சாப்பிடுக்கா, மெலிஞ்சுட்டே" என்றாள் மர்சியா, என் முகத்தைப் பார்க்காமல். நான் கையிலிருந்த அட்டைகளை அடுக்கினேன்.

கூடத்தில் கஸினெமுக்குக் கருவி நூற்றெண்பத்தாறு காட்டியது. நர்ஸ் தலையை ஆட்டினார். "ஆடக் கூடாதும்மா."

"ஐயோ அக்கா!" என்றாள் மர்சியா. அந்த ஐயோவில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

"நடிக்காதடி" என்றாள் கஸினெம். "கருவாடு நல்லாத்தான் இருந்துச்சு, அது மேல பழி இல்ல. ஆலையில கடைசி நாலு வருசமும் இதே நம்பர்தான். மணிக்கு எண்பது காலர் தைக்கணும். பின்னாலேயே மேஸ்திரி நிப்பான். ஒண்ணுக்குப் போகவே பயப்படணும். வேலைய விட்டும் விடியுறதுக்குள்ள முழிப்பு வந்துருது. பக்கத்துப் பாயில இவ கொறட்டை விடுறா. தலகாணிய வச்சு அமுக்கிரலாம்னு வருது."

பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்."

அடுத்து மர்சியா. நூற்றிருபத்தெட்டு. கஸினெம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாரு, இதையும் இவளே எடுத்துக்கிட்டா."

"அப்ப இந்த முதுகையும் நீயே எடுத்துக்கக்கா. மழ பொய்ச்ச வருசம், எலி தின்ன வருசம், அப்பாவத் தூக்கித் தூக்கிப் படுக்க வச்ச வருசம், எல்லாம் இதுலதான் கிடக்கு. இத அளக்க மிஷின் கிடையாது."

"வலிக்குதுன்னு நீங்க சொன்னதே இல்லையேம்மா" என்றார் நர்ஸ்.

"யாரு கேட்டா?"

என் கையிலிருந்த அட்டையில் அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. முதுகுக்கு இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியது. மர்சியா முன்வரிசை நடுவில் போய் நின்றாள். கஸினெமுக்கு மாமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஒருத்தி இளநீர் வெட்டிக் கொடுத்தாள், ஒருத்தி விசிறினாள், இன்னொருத்தி மாத்திரைப் பெயரை விசாரித்தாள். நாற்பது வருட வலிக்கு மர்சியாவுக்கு யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை.

இரண்டு கையையும் தூக்கி அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற பதினோரு பேரும் கைகளை ஒழுங்காகத்தான் தூக்கியிருந்தார்கள். முகம் மட்டும் நாற்காலிப் பக்கம் இருந்தது.

"இங்க பாருங்கடி!" என்று கத்தினாள் மர்சியா.