மிச்சமிருந்த கை

படகு நங்கூரம் போட்டு, பயணிகள் உள்ளே நின்று சுறாவைப் பார்ப்பதற்கான இரும்புக் கூண்டைக் கடலில் இறக்கியதும், படகில் கூலியாளாக இருந்த ஜெர்மேன் மீன் குடலும் எண்ணெயும் கலந்த குழம்பை வாளி வாளியாகத் தண்ணீரில் ஊற்றத் தொடங்குவான். சுறா மோப்பம் பிடித்து வர அரைமணி ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். அந்த இடைவெளிதான் மாரியஸ் அப்போலிஸுக்குச் சம்பளம் வாங்கித் தரும் நேரம்.

அவன் எழுந்து நின்று சட்டையின் வலது கையை மேலே சுருட்டிவிடுவான். முழங்கையோடு சரி, அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது.

"நீங்க பாக்க வந்திருக்கிறதை நான் ஏற்கெனவே பாத்துட்டேன்" என்று இங்கிலீஷில் தொடங்குவான். முதலாளி ஃப்ளோரிஸ் எழுதிக் கொடுத்த வரி அது. பிறகு கதை வரும். பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு விடியற்காலையில், எதிரே தெரிகிற அதே தீவுக்கும் கடல்நாய்ப் பாறைக்கும் நடுவே அவனும் நண்பன் ஐவனும் திருட்டுத்தனமாகப் பெர்லமூன் சிப்பி எடுக்க முங்கினார்கள். வெள்ளைச் சுறா ஐவனைக் கவ்விவிட்டது. அதன் வாய்க்குள் கையை விட்டு நண்பனை இழுக்கப் பார்த்தான் மாரியஸ். நண்பனும் போனான், கையும் போயிற்று.

ஜெர்மனியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். தொட்டுப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், மாரியஸ் பதில் சொல்வதற்குள் ஃப்ளோரிஸ் மேலே சுக்கானருகிலிருந்து கத்துவார்: "தாராளமா தொடுங்க, அது கடிக்காது!" எல்லோரும் சிரிப்பார்கள். வாளியைக் கழுவிக்கொண்டே ஜெர்மேன் அவன் காதோரம் சொல்வான்: "அண்ணே, இன்னிக்கு அழுகை போதலை. அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி கொட்டாவி விட்டா."

அதையெல்லாம் மாரியஸ் தாங்கிக்கொண்டான். கூச்சம் வேறு இடத்தில் இருந்தது. ஐவனின் மனைவி சார்லீன், துறைமுகத்தில் ஃப்ளோரிஸின் அலுவலகத்தை ஒட்டிய சமையலறையில், குளிரில் விறைத்துத் திரும்பி வருகிறவர்களுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனுக்கு ஒரு தட்டில் ஸ்னூக் மீன் வரும். ஒற்றைக் கையால் முள் எடுக்க முடியாது என்று, அவளே முள்ளை ஒவ்வொன்றாக உருவி அனுப்புவாள். தன் புருஷனுக்காகக் கையைக் கொடுத்தவன் என்ற மரியாதை. அவர்கள் குடியிருந்த ப்ளோம்பார்க்கில், தெருவில் யாராவது அவனைக் கேலி செய்தால் சண்டைக்குப் போவாள்.

"ஒரே கடிதானே அண்ணே? அவருக்குத் தெரிஞ்சிருக்காதில்லே?" என்று முதல் வருஷத்தில் அடிக்கடி கேட்டாள்.

"ஒரே கடிதான்மா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள."

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள்.

இந்தக் குளிர்காலத்தில் வெள்ளைச் சுறாக்கள் வரவில்லை. எங்கிருந்தோ ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலங்கள் இரண்டு வந்து அவற்றைக் கொன்று, ஈரலை மட்டும் தின்றுவிட்டு உடலைக் கரையில் ஒதுங்க விட்டன. மிஞ்சியவை கிழக்கே ஓடிவிட்டன. கூண்டுக்கு வந்ததெல்லாம் செம்புச் சுறா. ஆள் நீளம் இருந்தாலும், வெள்ளைச் சுறாவைக் கனவு கண்டு வந்தவனுக்கு அது சப்பென்றுதான் இருந்தது. சில நாள் அதுவும் வராது. பயணிகள் இணையத்தில் போய் ஃப்ளோரிஸைத் திட்டி எழுதினார்கள்.

ஒருநாள் ஃப்ளோரிஸ் மாரியஸைக் கூப்பிட்டார். "சுறா வரலைன்னா கதையாவது நல்லா வரணும். உன் கதை பழசாயிடுச்சு. நாளையிலேர்ந்து சார்லீனும் வரா. உன் பக்கத்துல நிப்பா."

மாரியஸ் அவசரமாகக் குறுக்கிட்டான். "வேணாம் முதலாளி. அவ பாவம். அந்த இடத்தைப் பாக்க வைக்காதீங்க."

"நான் கட்டாயப்படுத்தல. கேட்டேன், உடனே சரின்னுட்டா. இத்தனை வருஷமா அந்த இடத்தைப் பாத்ததே இல்லையாமே? நீ ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகலையாமே?" ஃப்ளோரிஸ் அவன் தோளைத் தட்டினார். "இன்னொண்ணு. செத்தவன் பேசணும்டா. கடைசியா ஏதாவது சொன்னான்னு சேர்த்துக்கோ. வாயே திறக்காம செத்தா எவன் அழுவான்?"

மறுநாள் சார்லீன் தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். படகு ஆடிய ஆட்டத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கே அண்ணே? எந்த இடம்?" என்று கேட்டாள். கடல்நாய்கள் குவிந்து கத்திக்கொண்டிருந்த பாறைக்கும் தீவுக்கும் நடுவே அவன் பொதுவாகக் கையைக் காட்டினான். அவள் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளோரிஸ் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: இன்று நம்மோடு ஐவனின் மனைவியும் வந்திருக்கிறார். இருபது பேரும் கேமராவைத் தூக்கினார்கள். மாரியஸ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொடங்கினான். பாதி தாண்டியதும் மேலேயிருந்து ஃப்ளோரிஸ் விரலைச் சுழற்றினார். சேர்த்துக்கோ.

பொய்யாக ஏதாவது சொல்லத்தான் மாரியஸ் நினைத்தான். சார்லீனின் பேரைச் சொன்னான் என்று சொல்லலாம், ஜெபம் செய்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் ஒரு பொய்யும் வாய்க்கு வரவில்லை. பதினோரு வருஷமாக உள்ளே கேட்டுக்கொண்டிருந்த குரல்தான் முந்திக்கொண்டு வந்தது.

"'கை குடு'ன்னு கூப்பிட்டான்" என்றான். "'மாரியஸ், கை குடு'ன்னு கூப்பிட்டான்."

பெண்கள் இரண்டு பேர் விசும்பினார்கள். சார்லீன் அழவில்லை. அவள் திரும்பி, பயணிகள் ஒருவருக்கும் புரியாத தங்கள் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கேட்டாள்: "எப்போ கூப்பிட்டார்?"

"என்னம்மா?"

"ஒரே கடின்னீங்க. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளன்னீங்க. அதுல எப்போ கூப்பிட்டார்?"

"சும்மா, கதைக்காக... முதலாளிதான் சொல்லச் சொன்னார்."

"முதலாளி 'கை குடு'ன்னா சொல்லச் சொன்னார்?"

அவள் அவனது இடது கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அது துக்கத்தில் தேடிய ஆறுதலாகத் தெரிந்தது. ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃப்ளோரிஸுக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர் தடுக்கவில்லை. கம்பியில் சாய்ந்து நின்று, கேமராக்கள் சரியாகப் பிடிக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுறா!" என்று கத்தினான் ஜெர்மேன்.

அவ்வளவுதான், கதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரப்பர் உடையில் தட்டுத் தடுமாறி, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கூண்டுப் பக்கம் ஓடினார்கள். முதல் ஆறு பேர் உள்ளே இறங்கினார்கள். கயிற்றில் கட்டிய சூரைமீன் தலையை ஜெர்மேன் கூண்டுக்கு முன்னால் இழுத்தான். "முங்கு! முங்கு! இடது பக்கம் பாரு!" அவர்கள் முங்கி எழுந்து கூவினார்கள். படகின் மறுபக்கத்தில், நீளப் பலகையில் அவனும் அவளும் மட்டும் இருந்தார்கள். அவள் கையை விடவில்லை.

"முதல்ல யாரைக் கடிச்சுது?"

"சார்லீன், குளிரா இருக்கு, உள்ளே போலாம்."

"யாரை?"

"என்னை."

"அப்போ அவர்?"

"படகுகிட்ட இருந்தான். ஏறியிருக்கலாம். ஏறாம திரும்பி நீந்தி வந்தான். என்னை இழுத்துட்டுப் போய் ரப்பர் படகுல தூக்கிப் போட்டான்."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், அதை முன்பே கேட்டிருந்ததுபோல. "அவர் அப்படித்தான்" என்றாள். "அப்புறம்?"

"என்னைத் தூக்கினதுல களைச்சுட்டான், முங்கறதுக்கு இடுப்புல ஈயம் வேற கட்டியிருந்தான். விளிம்பைப் பிடிச்சுத் தொங்கினான், ஏற முடியல. சுறாவோட முதுகுத் துடுப்பு மறுபடி தெரிஞ்சுது. கை குடுன்னான்."

"எத்தனை தடவை?"

"மூணு."

கூண்டுப் பக்கம் பெரிய ஆரவாரம். செம்புச் சுறா கம்பியில் உரசியிருக்க வேண்டும்.

"எனக்கு ரத்தம் போய்க்கிட்டிருந்தது சார்லீன். பாதி மயக்கம். என்னால என்ன முடியும்?"

"முடியலையா, குடுக்கலையா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்கு அந்த இடத்தில் ஒரு பொய் போதுமாயிருந்தது என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டான். ஆனால் அவள் முகத்தில் கோபமே இல்லை. வருஷக்கணக்காகச் சுமந்ததை ஒரு மனுஷியிடம் இறக்கி வைத்துவிடலாம் என்ற ஆசை அவனை ஏமாற்றிவிட்டது.

"குடுக்கல" என்றான். "எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். நெஞ்சுக்குக் கீழே வெச்சு அமுக்கிட்டுப் படுத்துட்டேன். அவன் என்னையே பாத்துட்டிருந்தான். மூணாவது தடவை கூப்பிட்டப்போ நான் தலையைத் திருப்பிட்டேன்."

சார்லீன் தான் பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள். ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு ஏதோ அழுக்கை வைப்பதுபோல அதை அவன் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு, எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரை சேரும்வரை திரும்பவில்லை. இறங்கும்போது அந்தக் கிழவர் அவளை அணைத்துக்கொண்டு, "உங்களுக்கு இப்படியொரு நண்பர் இருக்கிறாரே" என்று இங்கிலீஷில் சொன்னார். அவள் நன்றி சொன்னாள்.

அடுத்த மூன்று நாள் காற்றடித்ததால் படகு போகவில்லை. நான்காம் நாள் காலையில் மாரியஸ் துறைமுகத்துக்கு வந்தபோது சார்லீன் நீலக் கோட்டில், ஃப்ளோரிஸின் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா" என்றார் ஃப்ளோரிஸ். "இனிமே கதையைச் சார்லீன் சொல்லுவா. நடந்தது நடந்தபடி."

மாரியஸ் அவளைப் பார்த்தான். "ஏம்மா இப்படி? நான் உன்னை நம்பித்தானே..."

"அம்மான்னு கூப்பிடாதே" என்றாள். பதினோரு வருஷத்தில் முதன்முறையாக அவனை ஒருமையில் பேசினாள். "அவரு உன்னைத்தான் நம்பினாரு."

"ஜனங்க என்னைக் காறித் துப்புவாங்க முதலாளி."

"துப்பட்டுமே. போன வாரம் எடுத்த படத்துல எல்லாரும் உங்க ரெண்டு பேர் முகத்தைத்தான் இணையத்துல போட்டிருக்காங்க, சுறாவை ஒருத்தனும் போடல" என்றார் ஃப்ளோரிஸ். "வீரன் கதை எல்லாப் படகுலயும் இருக்கு. இது நம்மகிட்ட மட்டும்தான். உனக்கு இஷ்டமில்லைன்னா வராதே. நீ இல்லாட்டியும் அவ சொல்லத்தான் போறா."

அவன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனான்.

அன்று சாயங்காலத்துக்குள் ப்ளோம்பார்க் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெர்மேன் ஒருவனே போதும், ஊரைச் சுற்றிவர. மறுநாள் ஐவனின் தம்பிகள் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். மாரியஸ் அடி வாங்கத் தயாராகத்தான் கதவைத் திறந்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

மூத்தவன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "அடிக்கத்தான் வந்தோம்" என்றான். "ஒத்தைக் கையனை அடிச்சா நாளைக்கு எங்களைத்தான் சிரிப்பாங்க."

இளையவன் மட்டும் உள்ளே வந்து, ஞாயிற்றுக்கிழமைத் தட்டு மேசையில் கழுவாமல் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனான். "எங்க வீட்டுத் தட்டு" என்றான்.

மாரியஸ் மீன் தொழிற்சாலையில் கேட்டான். கணக்குப் பார்க்கிற வேலை இருந்தது; அதற்கு ஒற்றைக் கை போதும். மேற்பார்வைக்காரர் ஐவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். "இங்கே ரெண்டு ரெண்டு பேரா வேலை செய்யணும் மாரியஸ். உன்கூட எவனும் ஜோடி சேர மாட்டான்" என்றார். கடைக்காரி ரொட்டியை அவன் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். ஐந்து வாரம் பார்த்தான். பிறகு ஒரு காலையில் துறைமுகத்துக்குப் போய் ஃப்ளோரிஸின் முன்னால் நின்றான். ஃப்ளோரிஸ் பாதிச் சம்பளம் என்று மட்டும் சொன்னார்.

அன்று கடல் தட்டையாக, வெளிச்சமாக இருந்தது. கூண்டை இறக்கி, குழம்பு ஊற்றி, ஜெர்மேன் பயணிகளை வரிசையாக உட்கார வைத்தான். சார்லீன் எழுந்து நின்றாள். அவளுடைய இங்கிலீஷ் இப்போது சரளமாகியிருந்தது. சமையலறைக்குத் திரும்பும் எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஐவன் எப்படிச் சிரிப்பான் என்று சொன்னாள். திரும்பி நீந்தி வந்ததைச் சொன்னாள். விளிம்பைப் பிடித்துத் தொங்கியதைச் சொன்னாள். மூன்று முறை கூப்பிட்டதை, மூன்று முறையும் நிறுத்தி நிறுத்தி, ஐவனின் குரலிலேயே சொன்னாள். அந்தக் குரலை அவள் எங்கிருந்து எடுத்தாளோ, அச்சாக அப்படியே இருந்தது.

"இவன்தான் அவன்" என்று முடித்தாள்.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர் தன் பிள்ளையை அருகில் இழுத்துக்கொண்டார். அரைகுறைக் கையை அன்று ஒருவரும் பார்க்கவில்லை.

சற்று நேரம் கழித்து, பச்சை ரப்பர் உடை போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சார்லீனிடம் வந்தாள். செல்போனை எடுத்துக் காட்டி, படம் எடுக்கலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள் சார்லீன். பிறகு, பழக்கத்தில் வலது சட்டைக் கையைச் சுருட்டப் போன மாரியஸின் பக்கம் திரும்பித் தங்கள் மொழியில் சொன்னாள்: "அதை இல்ல. அந்தக் கையைக் காட்டு. நீட்டு. நல்லா நீட்டு."

அவன் இடது கையை நீட்டினான். வெயிலில் விரல்களை விரித்துப் பிடித்தபடி, அவள் போதும் என்று சொல்லும்வரை நின்றான்.