பல்பு வெயிலும் மாடி வெயிலும்

இருநூறு வாட் பல்பை எரியவிட்டு, அதற்கு ஒரு சாண் தள்ளி வெள்ளித்தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, தாளுக்குப் பின்னால கைய வைங்க" என்றான் அதை விற்க வந்த ஜெயசிங். பர்னபாஸ் வைத்தார். சுடவில்லை. தாளை விலக்கியதும் சுரீரென்றது. மறுபடி தாள், மறுபடி குளுமை. மூன்றாம் தடவை கையை நீட்டும்போதே, பொருளை வாங்கிவிட்ட களை அவர் முகத்தில் வந்துவிட்டது.

அவர் சரக்கெடுக்கும் தூத்துக்குடி திரேஸ்புரம் மீன் ஏலத்தில் இந்த முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. அங்கே செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், மேலே கிடக்கும் சீலா மீனை நம்பாமல் கூடையின் அடியில் கைவிட்டு ஒன்றை உருவுவார். விற்பவன் சொந்த மச்சினன் என்றாலும் இதே மரியாதைதான்.

ஆனால் வீட்டில் அவசரம். மகள் ஸ்டெபி தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் வருகிறாள். கீழ்வீடு முழுக்க மீன்பெட்டி. மாடி அறையோ கத்திரி வெயிலில் ராத்திரி வரை அனலைக் கக்கும். பெற்றவளையும் பச்சைப்பிள்ளையையும் அங்கே எப்படிப் படுக்கவைப்பது?

ஜெயசிங்கிடம் வழி தயாராக இருந்தது. மொட்டைமாடியில் தாளை விரித்து, மேலே சிமெண்டு போட்டு ஓடு பதித்துவிட வேண்டியது. ஒரு தாள் எட்டு இஞ்ச் தெர்மாகோலுக்குச் சமம் என்று நோட்டீசிலேயே அச்சடித்திருந்தது. பக்கத்துத் தெரு ரோச் வீட்டில் போட்டு, இப்போது ஊட்டி மாதிரி இருக்கிறதாம்.

"ரோச் அண்ணன் அதே வாரம் ஏசியும் மாட்டினாவளே, அது எதுல சேத்தி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பேபி.

பர்னபாஸின் மனைவி. இருபது வருஷமாகத் தெர்மாகோல் பெட்டியில் மீனும் ஐசும் அடுக்கி, கொச்சி லாரிக்கு ஏற்றுகிறவள். பெட்டியில் ஒரு கீறல் விழுந்தால் அங்கே போய்ச் சேருவது மீனா நாற்றமா என்று அவளுக்குத் தெரியும்.

"எட்டு இஞ்ச்சுக்குச் சமம்னா, நாளைக்கு சீலாவை இந்தத் தாள்ல சுத்தி அனுப்பிரட்டுமா தம்பி?"

"அது மீனு. இது வீடுல்லாக்கா."

"வெயிலுக்கு அது தெரியுமா?"

படித்த பிள்ளையிடம் என்ன பேச்சு என்று பர்னபாஸ் மனைவியை அடக்கிவிட்டு, ஆர்டர் பாரத்துக்குப் பேனாவைத் திறந்தார். பேபி சண்டை போடவில்லை. ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னாள்.

உச்சிவெயிலில் மூவரும் மாடிக்குப் போனார்கள். ஒரே அளவில் மூன்று ஐஸ் கட்டி. ஒன்று வெறும் தளத்தில், ஒன்று ஜெயசிங்கின் தாள்மேல், ஒன்று இரண்டு இஞ்ச் கனமுள்ள பெட்டி மூடியின்மேல். மூன்றுக்கும் நிழலாக ஒரே தார்ப்பாய். பேபி ஏதாவது பண்ணிவிடுவாளோ என்று ஜெயசிங் நகரவில்லை. ஜெயசிங் தாளை மாற்றிவிடுவானோ என்று பேபியும் நகரவில்லை. இருவரையும் நம்பாத பர்னபாஸ் நடுவில் நின்று வெந்தார்.

தளத்துக் கட்டி முதலில் தண்ணீரானது. அந்த ஈரம் காய்வதற்குள் தாள்மேல் இருந்ததும் போனது. மூடிமேல் இருந்தது மட்டும் உள்ளங்கையளவு மிச்சம் நின்றது.

"கீழ இடைவெளி இல்லல்லாக்கா, அதான்" என்று ஜெயசிங் வாயைக் கொடுத்தான்.

"பல்புக்கும் தாளுக்கும் நடுவுல ஒரு சாண் காத்து விட்டியளே தம்பி. சிமெண்டைப் போட்டு அமுக்குனா எங்க மாடியில காத்து எங்கன இருக்கும்?"

அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். முன்னால் காற்று இருந்தால்தான் தாள் அனலைத் திருப்பிவிடும் என்றும், தகரக் கூரைக்குக் கீழே இடைவெளிவிட்டுக் கட்டினால், தூசி படியாதவரை நன்றாகவே உழைக்கும் என்றும், சிமெண்டுக்குள் போனால் வெறும் தாள்தான் என்றும் ஒப்புக்கொண்டான். எட்டு இஞ்ச் கதை கம்பெனி அச்சடித்தது. அவன் அளந்து பார்த்ததில்லை.

பர்னபாஸ் பேனாவை மூடினார்.

"ஏலத்துல அடிக்கூடையில கைவிடுதவன், எம் மவ படுக்கப்போற அறைக்கு இந்தத் தம்பி நீட்டுன மீனை மட்டும் பாத்திருக்கேன். விக்குதவன் வைக்குற பரீட்சையில எந்தச் சரக்கும் தோக்காதுளா. பரீட்சைய வாங்குதவன்தான் வைக்கணும். நம்ம வெயில்ல, நம்ம மாடியில."

ஜெயசிங் தாளைச் சுருட்டினான். ஓட்டுக்கு அடியில் போடுகிற கனமான அட்டையும் கம்பெனியில் உண்டு, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான்.

"கொண்டாங்க தம்பி," என்றாள் பேபி. "நான் ஐஸ் எடுத்து வைக்கேன்."