கனவுத் தெய்வத்தின் பேர் வைத்த மருந்து

ஒரு சொல் எங்கே பிறந்தது, யார் யார் கைமாறி வந்தது என்று நோண்டாவிட்டால் அகராதிக்காரருக்குச் சோறு இறங்காது. மனைவிக்கு எலும்புவரை புற்று பரவி, ஆஸ்பத்திரியில் கையை விரித்து, வலி மரத்துத் தூங்கவைக்கும் மார்ஃபின் பாட்டிலோடு வீட்டுக்கு அனுப்பிய அன்றும் மனுஷருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கிரேக்கக் கதையில மார்ஃபியஸ்னு ஒரு கனவுத் தெய்வம். மனுஷ உருவம் எடுத்துக் கனவுல வருவானாம். அவன் பேரைத்தான் இதுக்கு வச்சிருக்காங்க."

"யார் உருவம் வேணும்னாலும் எடுப்பானா?" என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகன், போன இடத்தில் லாரியில் அடிபட்டுச் செத்தான். "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்றதுதான் அவனிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் அவள் கண் விழித்ததும், "கனவுல நம்ம பையன் வந்தானா?" என்று கேட்டார். பேரை வைத்துப் பொருளை நம்பாதே என்று ஆபீசில் எல்லோரையும் கடிந்துகொள்கிறவர்தான் கேட்டார்.

கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "வந்தான்" என்றாள்.

"என் மேல கோவமா இருக்கானா?"

"கோவமெல்லாம் இல்லையாம்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவன் வாயாலேயே அதைக் கேட்கவேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. ஒரு மத்தியானம், அவள் அயர்ந்திருந்த நேரம் பார்த்து, அவள் மருந்தை மூடி நிறைய ஊற்றித் தானே குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

ஒன்றும் வரவில்லை. வெறும் இருட்டு. கண் திறந்தபோது ஜன்னலில் வெயில் போயிருந்தது. கட்டிலில் அவள் சுருண்டு கிடந்தாள். கடித்த உதட்டில் ரத்தம். பாட்டில் அவள் கைக்கு எட்டாத மேஜையில் இருந்தது.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டேன்..." என்றாள். குரல் கம்மிப் போயிருந்தது. மேஜைமேல் இருந்த ஈர மூடியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "வந்தானா?"

"வரலம்மா" என்று அவர் உடைந்து அழுதார்.

"எனக்கும் ஒரு நாளும் வந்ததில்லங்க. நீங்க ஏங்கிப்போய்க் கேட்டீங்களேன்னு சொன்னேன்." வலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இப்பவாவது எனக்கு ஊத்துங்க."