வெர்னா போட்ட இரண்டு கையெழுத்துகள்

வெர்னா ஸ்டக்கி டாஷ்வுட் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அதே அலுவலகத்தில் சாதாரணக் காவலராக இருந்தவள். ஆற்றோரத்து ஃப்ளாட்ஸ் பகுதியில் ஒரு மளிகைக் கடையைப் பட்டப்பகலில் ஒருவன் கொள்ளையடித்துவிட்டுப் போனான். கடைக்காரருக்கு நெற்றியில் ஏழு தையல். அலுவலகத்துக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை. வெர்னா நேரில் போய் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள்.

"திருடன் அஞ்சு நிமிஷத்துல போயிட்டான். உங்க ஆளுங்க வந்தா அவ்வளவு சீக்கிரமா போவாங்களா?" என்றார் அவர்.

ஃப்ளாட்ஸில் இருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். ஷெரிஃபின் கார் தெருவில் திரும்பினாலே பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். இதை மாற்றுவேன் என்று சொல்லித்தான் வெர்னா ஓட்டுக் கேட்டிருந்தாள். அங்கிருந்த தேவாலயத்தின் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டாள். நாற்பது நாற்காலிகள் போட்டதில் ஏழு பேர் வந்தார்கள். புதிய விதிகள், காவலர்களின் சட்டையில் கேமரா என்று அவள் சொல்லிக்கொண்டே போனபோது, கடைசி வரிசையிலிருந்து ஒடெஸ்ஸா டில்மன் எழுந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடமாக வேலை செய்பவள்.

"கேமரா இருக்கட்டும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி என் பையன் டெரெல் உங்க ஜெயில்ல செத்தான். சர்க்கரை நோயாளி. இன்சுலின் கேட்டுக் கேட்டு செத்தான்னு பக்கத்து அறையில இருந்தவன் சொன்னான். உங்க பதிவேட்டுல, அரை மணிக்கு ஒரு தடவை போய் பாத்தோம், தூங்கிட்டிருந்தான்னு எழுதியிருக்கு. யாரு பாத்தது?"

வெர்னா கையிலிருந்த விதிகளின் தாளை மடித்து வைத்தாள்.

"அடுத்த வியாழக்கிழமை பதில் சொல்றேன், மிஸ் ஒடெஸ்ஸா."

"ஆறு வருஷமா இதையேதான் சொல்றீங்க. நாள் மட்டும்தான் மாறுது," என்று ஒடெஸ்ஸா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

யார் பார்த்தது என்பது வெர்னாவுக்குத் தெரியும். யாரும் பார்க்கவில்லை. டெரெல் செத்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வெர்னா ஜெயிலின் முன்மேசையில் வேலையில் இருந்தாள். பையன் இறந்து ஒரு மணி நேரம் கழித்து, உடன் வேலை பார்த்த டிவைட் கெஸ்லர் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் முன் விரித்தான். "நாங்க எல்லாரும் போட்டாச்சு. ரெண்டு கட்டம் காலியா இருக்கு. போட்டுடு." அவள் போட்டாள். அந்தப் பேனாவின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

இப்போது கெஸ்லர் அவளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் துணைத் தலைவன். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். கூட்டத்துக்கு மறுநாள் காலை வெர்னா டெரெலின் சாவு பற்றிய கோப்பை மேசைமேல் வைத்ததும் அவன் கதவைச் சாத்தினான்.

"உனக்குப் பைத்தியமா? முதல்ல போறது உன் தலைதான்."

"போகட்டும்."

"உன்னை நம்பி ஓட்டுப் போட்டவங்க? இந்த ஆபீஸ்ல எதையாவது சரி பண்ணணும்னா நீ இந்த நாற்காலியில இருக்கணும். வீட்டுல உக்காந்துகிட்டு என்னத்தைக் கிழிக்கப் போற?"

அது அவளே பல நாள் தனக்குச் சொல்லிக்கொண்ட பேச்சுதான். அதனாலேயே அது இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அசிங்கமாகக் கேட்டது.

"டிவைட், நாளைக்கு ஒரு காவலன் பொய் எழுதினா நான் எந்த வாயால கேப்பேன்? இந்தக் கோப்பு மாநில விசாரணைக்குப் போகுது. உனக்கு முன்னாடியே தெரியட்டும்னுதான் கூப்பிட்டேன்."

அவன் எழுந்து போகும்போது கதவைச் சாத்தவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முந்தின நாள் வெர்னா சீருடை இல்லாமல் ஒடெஸ்ஸாவின் வீட்டுக்குப் போனாள். ஊருக்கு முன்னால் சொல்வதற்கு முன் பெற்றவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒடெஸ்ஸா வலைக்கதவைத் திறக்காமல், உள்ளே நின்றபடியே வெர்னா சொன்னதைக் கேட்டாள்.

"யாரும் பாக்கல, மிஸ் ஒடெஸ்ஸா. எழுதினது எல்லாம் பொய். அதுல ரெண்டு கையெழுத்து என்னோடது."

ஒடெஸ்ஸா கேட்டாள், "அவன் சவ அடக்கத்துக்கு நீ வந்திருந்தியே. என் கையைப் பிடிச்சியே."

"ஆமா."

"போ. என் வாசல்ல நிக்காத."

வெர்னா படியிறங்கினாள். காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வியாழக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. செய்தி எப்படியோ பரவியிருந்தது. கவுண்டி வக்கீல் வாயைத் திறக்காதே என்று எழுதியே கொடுத்திருந்தார். வெர்னா ஒலிபெருக்கியை ஒதுக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். தன் பெயரை முதலில் சொன்னாள். யாரோ "வெக்கமா இல்ல?" என்று கத்தினார்கள். "இருக்கு," என்றாள். விசாரணை என்ன முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்வேன், அதுவரை பதவியை விட்டு ஓடமாட்டேன் என்றாள். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்ததும் ஒடெஸ்ஸா கையை உயர்த்தினாள்.

"அதை நீயே வெச்சுக்கோ. எனக்கு வேற ஒண்ணு வேணும். நான் அந்த ஜெயிலுக்குள்ள வருவேன். சொல்லிட்டு வர மாட்டேன். எந்தக் கதவைக் காட்டறேனோ அதைத் திறக்கணும்."

"திறப்பேன்."

"எழுதிக் கொடு."

வெர்னா அங்கேயே, எல்லார் முன்னாலும், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

கோடையில் விசாரணை முடிந்தது. கெஸ்லரும் இன்னும் இரண்டு பேரும் வேலையை இழந்தார்கள். தானே முன்வந்து சொன்னதால் வெர்னாவுக்குக் கண்டனமும் அறுபது நாள் இடைநீக்கமும் மட்டும்தான். அலுவலகத்தில் பாதிப்பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். கெஸ்லரின் மனைவி கடைத்தெருவில் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறுபத்தோராம் நாள் காலை ஏழு மணிக்கு வெர்னா வேலைக்கு வந்தாள்.

ஒடெஸ்ஸா தன் பாட்டுக்கு ஜெயிலுக்கு வந்துகொண்டிருந்தாள். செப்டம்பரில் ஒருநாள் காலை நாலாம் அறையில், கைதியாக இருந்த பண்ணை வேலைக்காரன் ஒருவன் வியர்த்துக் கொட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். பதிவேட்டில் 'நலம்' என்று இருந்தது. ஒடெஸ்ஸா இரும்புக்கதவை உள்ளங்கையால் அறைந்த சத்தம் முன்மேசை வரை கேட்டது. பத்து நிமிடத்தில் நர்ஸ் வந்தாள். அவன் பிழைத்துக்கொண்டான்.

'நலம்' என்று எழுதிய இளங்காவலனை வெர்னா அன்றே வேலையிலிருந்து நீக்கினாள். பிறகு ஒடெஸ்ஸாவுக்கு ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒடெஸ்ஸா அதைத் தொடவில்லை.

"ஆறாம் அறையையும் திற," என்றாள்.

வெர்னா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.